புதுப்பிப்பு: வாஷிங் மெஷினுக்கு இடம் முடிவாகிவிட்டது

சேலம் வீட்டில் மெஷினை மொட்டை மாடியில் வைப்பதா, சமையலறைக்குப் பின்னாலா என்று கேட்டிருந்தேனே, பின்பக்கம்தான். மாடியில் வைத்தால் தொட்டி தலைக்கு மேலேயே இருப்பதால் தண்ணீர் வேகமாக வராது, ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும், அதைவிட அம்மாவின் முழங்கால் முக்கியம், ஈரத்துணி வாளியோடு அவர் படியேறுவதைப் பார்க்க எனக்கு மனசில்லை. காயப்போடப் பின்வாசலிலேயே கொடி கட்டியாயிற்று.

ஹீட்டர் உள்ள மெஷின் என்பதால் 16 ஆம்பியர் பிளக். போர் தண்ணீர் உப்பு, குழாய் முனைச் சல்லடையில் வெள்ளைப் பொருக்கு படியும், அதனால் கை நுழைய இடம்விட்டு மெஷினை முன்னால் நகர்த்தியிருக்கிறோம். அப்புறம், ஏற்காட்டுச் சித்தி டிரையரும் வாங்கச் சொன்னார். மூட்டம் இறங்கும் ஊருக்கு அது சரி, எங்கள் வெயிலுக்கு வேண்டாம்.