'பேக்ரவுண்ட் சர்வீசஸ்' மாத்தினா மெஷின் பறக்குமாம்! இந்தக் கதையை எப்ப விடப்போறீங்க?

இரவுமிக்ஸ்:
பக்கத்துத் திரியில் புதியவன்07 என்று ஒருவர் கேட்டிருந்தார்: "லேப்டாப்பில் பாட்டு போடும்போது மெஷின் ஸ்லோவா இருக்கு, சத்தம் படபடன்னு உடையுது, என்ன செய்ய?" அதற்கு நம்ம பழைய ஃபேடர் சார் எழுதிக் கொடுத்த மருந்துச்சீட்டு: விண்டோஸில் பெர்ஃபார்மன்ஸ் ஆப்ஷன்ஸ் போ, பிராசஸர் ஷெட்யூலிங்கில் 'புரோகிராம்ஸ்' இருப்பதை 'பேக்ரவுண்ட் சர்வீசஸ்' ஆக்கு, "பழைய மெஷினும் பறக்கும்".

சார், இது எக்ஸ்பி காலத்துக் கைவைத்தியம். அந்த பட்டன் மாற்றுவது ஒன்றைத்தான்: ஒரு த்ரெட்டுக்கு (மென்பொருளுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைச் சரடு) ஒரு தடவையில் எவ்வளவு சிபியு நேரம் என்பதை. 'புரோகிராம்ஸ்' என்றால் 2 டிக், முன்னால் திறந்திருக்கும் மென்பொருளுக்கு 6. 'பேக்ரவுண்ட்' என்றால் எல்லாருக்கும் 12. ஒரு டிக் வழக்கமாக 15.6 மில்லி வினாடி. இப்போ உங்க பஃபரை, அதாவது ஒலியைக் கணக்குப் போட்டு அனுப்பும் ஒரு தவணையைப் பாருங்க. 128 சாம்பிள், வினாடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில் வெறும் 2.9 மில்லி வினாடி. அதற்குள் கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த பஃபர் வரைக்கும் தூங்கப்போகிற ஆடியோ த்ரெட்டுக்கு, தன் பங்கு 31 மில்லி வினாடியா 187 மில்லி வினாடியா என்பதில் என்ன அக்கறை?

போதாததற்கு விஸ்டா வந்த 2007இலிருந்தே எம்எம்சிஎஸ்எஸ் (ஒலி, வீடியோ வேலைகளுக்கு முன்னுரிமை தரும் விண்டோஸ் சேவை) இருக்கிறது. 'புரோ ஆடியோ' என்று பதிவான த்ரெட்டுக்கு முன்னுரிமை 20க்கு மேல். சாதாரண மென்பொருள் 8இல் கிடக்கும். மேலே இருப்பவன் வந்தால் கீழே இருப்பவன் பாதியிலேயே எழுந்து இடம் விட்டாக வேண்டும். பங்கு நீளம் அங்கே பேச்சுக்கே வராது.

பழைய ஃபேடர்:
வாங்க தம்பி, காணோமேன்னு பார்த்தேன். எழுத்து எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பாட்டு கணக்குல ஓடுறது இல்ல, காதுல ஓடுது. நீங்க மவுஸ் பிடிக்கக் கத்துக்கிறதுக்கு முன்னாடியே நான் ரிக்கார்டிங் பண்ண ஆரம்பிச்சவன். டேப்பை பிளேடால அறுத்து ஒட்டின கை இது.

விஷயத்துக்கு வர்றேன். ஏஸியோ டிரைவர், அதான் ரிக்கார்டிங் மென்பொருளையும் சவுண்ட் இன்டர்ஃபேஸையும் இணைக்கிறது, எங்க ஓடுது? பின்னணியில. அப்போ பின்னணிக்கு நேரம் கொடுன்னு சொல்றதுல என்ன தப்பு? இன்டர்ஃபேஸ் தயாரிக்கிற கம்பெனிங்களே இன்னைக்கும் உதவிப் பக்கத்துல இதைத்தான் எழுதி வெச்சிருக்காங்க. அவங்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சு. சந்தோஷம்.

இரவுமிக்ஸ்:
ஏஸியோ டிரைவர் பின்னணியில் ஓடவில்லை. அங்கேதான் மொத்தக் கோட்டையும் சரிகிறது. அது கியூபேஸோ ரீப்பரோ, நீங்கள் திறந்து வைத்திருக்கும் அதே மென்பொருளின் பிராசஸுக்குள் ஏறி உட்காரும் ஒரு டிஎல்எல் (மென்பொருளோடு சேர்ந்து ஓடும் துணைக் கோப்பு). முன்னணி எதுவோ அதற்குள்ளேதான் அது. கீழே கர்னலில் (விண்டோஸின் மையப் பகுதியில்) இருக்கிற பகுதி இன்டரப்ட்டில், அதாவது வன்பொருள் குறுக்கிட்டு அழைக்கும்போது ஓடும், அது த்ரெட்டுகளுக்கு நேரம் பிரிக்கும் ஷெட்யூலருக்கே மேலே. ஆக, நீங்கள் சொல்லும் 'பின்னணி' இரண்டு இடத்திலும் இல்லை.

உதவிப் பக்கத்தில் இருக்கிறது என்றால், பழைய பக்கத்தை யாரும் அழிக்கவில்லை என்று அர்த்தம். அவ்வளவுதான்.

ஒற்றைநரம்பு:
ஒரு சின்ன கேள்வி. 'ஸ்லோ' என்றால் எது? புராஜெக்ட் திறக்க நேரமாகிறதா, ஓடும்போது சத்தம் உடைகிறதா, கீ அழுத்தினால் ஒலி தாமதமாக வருகிறதா? மூன்றும் வேறு வேறு நோய். முதலாவது டிஸ்க், இரண்டாவது சிபியு அல்லது டிரைவர், மூன்றாவது பஃபரும் பிளக்இன் (ஒலியை மாற்ற டிராக்கில் மாட்டும் துணை மென்பொருள்) தாமதமும். எது என்று முடிவு செய்துவிட்டுச் சண்டை போடலாமே?

பழைய ஃபேடர்:
ஸ்லோன்னா ஸ்லோதான் ஐயா. அதுக்கு அகராதி எல்லாம் வேணாம்.

இரவுமிக்ஸ் தம்பி, பின்னணி பின்னணிதான். நான் மாத்திப் பார்த்தேன், உடையறது நின்னுச்சு. ரீஸ்டார்ட் பண்ணி அதே செஷனைத் திறந்தேன், தண்ணி மாதிரி ஓடுச்சு. இதுக்கு மேல என்ன நிரூபணம் வேணும்?

இரவுமிக்ஸ்:
ரீஸ்டார்ட் பண்ணீங்களா! அதைச் சொல்லுங்க முதல்ல. அந்த அமைப்புக்கு ரீஸ்டார்ட்டே தேவையில்லை, 'அப்ளை' கொடுத்ததும் மாறிவிடும். உங்க மெஷினைச் சரி செய்தது ரீஸ்டார்ட். பேர் வாங்கியது பட்டன்.

கீபோர்டு கிறுக்கன்:
😂😂 நான் ஓரமா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறேன்.

ஆப்பிள்வாசி:
மன்னிக்கணும், ஆனால் இந்தத் தலைவலி எல்லாம் விண்டோஸ்காரர்களுக்கு மட்டும். மேக்கில் ஒலியைக் கவனிக்கும் கோர் ஆடியோ சிஸ்டத்துக்குள்ளேயே இருக்கிறது. டிரைவர் தேடவும் வேண்டாம், பட்டன் தேடவும் வேண்டாம். ஆப்பிளின் எம்1 சிப் வந்த பிறகு ஃபேன் சத்தம்கூடக் கேட்பதில்லை. நான் பாட்டு மட்டும் போடுகிறேன்.

கீபோர்டு கிறுக்கன்:
வந்துட்டாரு. ரேம் பத்தலைன்னா என்ன பண்ணுவீங்க தலைவரே? அந்த எம்1இல் ஒரு ஜிபிகூட பின்னால ஏத்த முடியாது. பெரிய ஸ்ட்ரிங்ஸ் லைப்ரரி மூணு திறந்ததும் மெஷினையே மாத்தணும்.

ஆப்பிள்வாசி:
பத்தாமல் போனதே இல்லை. நீங்கள் எல்லாம் மாற்றிக்கொண்டே இருக்கிறீர்கள், நாங்கள் இசையமைத்துக்கொண்டு இருக்கிறோம்.

கீபோர்டு கிறுக்கன்:
எங்க, உங்க கடைசிப் பாட்டு லிங்க் போடுங்க, கேட்போம்.

பழைய ஃபேடர்:
மேக் பேச்சுக்கு வேற திரி இருக்கு. இங்க பேசறது பேக்ரவுண்ட் சர்வீசஸ் பத்தி. அதை மாத்தினா நல்லது. மாத்தாதவன் மாத்தாம இருக்கட்டும், அவன் பாட்டு உடையட்டும்.

புதியவன்07:
எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கேட்டது நான்தான். எனக்காக இவ்வளவு பேர் பேசுவது சந்தோஷம், ஆனா என்ன செய்யணும்னு இன்னும் புரியல. விவரம் போடறேன்: 8 ஜிபி ரேம், சாதாரண ஹார்டு டிஸ்க், ரீப்பர். டாஸ்க் மேனேஜரில் சிபியு 25 சதவீதத்தைத் தாண்டவே இல்லை, ஆனா ரீப்பருக்குள்ள மீட்டர் சிவப்பாகுது. மாஸ்டரில் (எல்லா டிராக்கும் வந்து சேர்ற இடம்) லீனியர் ஃபேஸ் ஈக்யூ ஒண்ணு, லிமிட்டர் ஒண்ணு, ரெண்டும் பிளக்இன். கீ அழுத்தினா ஒலி அப்புறமா வருது. எந்த டிரைவர் இடைஞ்சல் பண்ணுதுன்னு காட்டுற லேட்டன்சிமான் ஓட்டினேன், சிவப்புக் கோடு. மேலேயே வைஃபை டிரைவர் பேர் காட்டுது.

ஒற்றைநரம்பு:
ஆக மூன்று நோயும் இருக்கிறது. நல்லது.

டாஸ்க் மேனேஜர் எல்லாக் கோரையும் சேர்த்துச் சராசரி காட்டும். ஒரே டிராக்கில் வரிசையாகப் பத்து பிளக்இன் மாட்டினால் அந்த வரிசை முழுக்க ஒரே கோரில்தான் ஓடும், ஏனென்றால் முந்தினது முடிந்தால்தான் அடுத்ததுக்கு ஒலி கிடைக்கும். எட்டு கோர் காட்டும் மெஷினில் ஒரு கோர் முழுசாகத் திணறினாலும் அங்கே 12.5 சதவீதம்தான் தெரியும். கனமான டிராக்கை ஃப்ரீஸ் செய்யுங்கள், அதாவது பிளக்இன்னோடு சேர்த்து ஒலியாகவே எழுதிவையுங்கள்.

கீ தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் அந்த லீனியர் ஃபேஸ் ஈக்யூ. 4096 சாம்பிள் தாமதம் கேட்கும் பிளக்இன் ஒன்று மாஸ்டரில் இருந்தாலே 93 மில்லி வினாடி போய்விடும், பஃபரை 64க்கு இறக்கினாலும் அது போகாது. வாசித்துப் பதிவு செய்யும்போது மாஸ்டரை வெறுமையாக வையுங்கள். மிக்ஸ் வரும்போது போட்டுக்கொள்ளலாம், அப்போது பஃபரும் 1024 இருக்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம். பதிவுக்கு ஆன் செய்யாத டிராக்குகளை ரீப்பர் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளும், அந்த ஆன்டிசிப்பேட்டிவ் எஃப்எக்ஸை அணைத்துவிடாதீர்கள்.

லைப்ரரிகளை எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். பவர் பிளானை 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' ஆக்குங்கள். வைஃபை அடாப்டரை டிவைஸ் மேனேஜரிலேயே டிசேபிள் செய்துவிட்டு லேட்டன்சிமானை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

டிராக்நம்பர்9:
ஆன்டிவைரஸையும் தூக்கிடுங்க. நான் மொத்தமா அணைச்சுட்டேன், செம வேகம்.

இரவுமிக்ஸ்:
தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். சாம்பிள் ஃபோல்டரை மட்டும் விலக்குப் பட்டியலில் சேர்த்தால் போதும். மொத்தமாக அணைக்கச் சொல்பவர் பிளக்இன்னை எங்கிருந்து இறக்குகிறார் என்று எனக்குத் தெரியும்.

டிராக்நம்பர்9:
என்ன தெரியும்? சொல்லுங்க பார்ப்போம். எல்லாம் காசு கொடுத்து வாங்கினது.

கீபோர்டு கிறுக்கன்:
போன மாசம், திருட்டு சீரியல் நம்பர் தர்ற கீஜென் பத்தி "கீஜென் ஓடும்போது பாட்டு வருது, அதுவே சூப்பர்"னு எழுதினது யாருன்னு தேடட்டுமா?

டிராக்நம்பர்9:
அது நண்பனோட மெஷின்.

பழைய ஃபேடர்:
திருட்டுப் பஞ்சாயத்து வேணாம். ஒற்றைநரம்பு ஐயா இவ்வளவு எழுதினாரே, பிராசஸர் ஷெட்யூலிங் பத்தி ஒரு வரி உண்டா? இல்ல. ஏன்னா அது இரவுமிக்ஸுக்குப் பிடிக்காது. இங்க ஒரு கும்பல் இருக்கு, எனக்குத் தெரியும். நான் எது சொன்னாலும் எதிர்க்கிற கும்பல். ரிவெர்ப் திரியிலயும் இதே ஆளுங்கதான்.

புதியவன் தம்பி, நீங்க அந்த பட்டனை மாத்துங்க. மத்ததெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

ஒற்றைநரம்பு:
நான் எந்தக் கும்பலிலும் இல்லை. அந்த பட்டனால் கெடுதல் இல்லை, பலனும் இல்லை. அதனால்தான் எழுதவில்லை.

பழைய ஃபேடர்:
கெடுதல் இல்லைன்னு ஒத்துக்கிட்டாரே! எல்லாரும் பாருங்க. அப்போ மாத்துறதுல என்ன நஷ்டம்?

இரவுமிக்ஸ்:
நஷ்டம் என்னவென்றால், பட்டனை மாற்றியவர் வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுவார். வைஃபை டிரைவர் அங்கே டிபிசியில் (இன்டரப்ட்டுக்குப் பின் டிரைவர் முடிக்கும் மிச்ச வேலை) சிபியுவைப் பிடித்துக்கொண்டு நிற்கும். டிபிசி ஓடும்போது அந்தக் கோரில் எந்த த்ரெட்டும் ஓட முடியாது, முன்னுரிமை 26 ஆனாலும் சரி, 31 ஆனாலும் சரி. 2.9 மில்லி வினாடியில் 2 மில்லி வினாடியை அதுவே விழுங்கினால் உங்கள் ரிவெர்ப் மிச்சத்தில் எதைக் கணக்குப் போடும்? உங்கள் பட்டனால் அதைத் தொடக்கூட முடியாது. இதைத்தான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பழைய ஃபேடர்:
சொல்லிக்கிட்டேதான் இருக்கீங்க.

புதியவன்07:
சார், நின்னுடுச்சு!! இப்ப 128லயே உடையாம ஓடுது. கீயும் உடனே கேட்குது. எல்லாருக்கும் ரொம்ப நன்றி 🙏

பழைய ஃபேடர்:
என்ன மாத்தினீங்க தம்பி? சபையில சத்தமா சொல்லுங்க.

புதியவன்07:
பேக்ரவுண்ட் சர்வீசஸ் மாத்தினேன். வைஃபையும் டிசேபிள் பண்ணேன். மாஸ்டரையும் காலி பண்ணேன். எல்லாம் ஒரே நேரத்துல.

பழைய ஃபேடர்:
முதல்ல சொன்னது எது? பேக்ரவுண்ட் சர்வீசஸ். இதுக்கு மேல நான் பேசல.

இரவுமிக்ஸ்:
காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. புதியவன், ஒரு உதவி செய்யுங்கள். வைஃபை அப்படியே அணைந்திருக்கட்டும், அந்த பட்டனை மட்டும் திரும்பப் 'புரோகிராம்ஸ்' ஆக்கி அதே புராஜெக்டை ஓட்டுங்கள். அப்போது தெரிந்துவிடும்.

பழைய ஃபேடர்:
ஏன், வைஃபையை ஆன் பண்ணிட்டு பட்டனை அப்படியே வெச்சுப் பார்க்கச் சொல்றதுதானே? பயமா?

இரவுமிக்ஸ்:
அதையும் பார்க்கட்டுமே. எனக்கென்ன பயம். நீங்கள்தான் இனிமேல் பேசல என்றீர்கள்.

புதியவன்07:
மன்னிச்சுடுங்க, ரெண்டு பேரும். நான் இனிமே எதையும் தொடமாட்டேன். ஓடுது, அது போதும்.

ஆப்பிள்வாசி:
எங்களுக்கு வைஃபை அணைக்காமலே ஓடுகிறது. சும்மா தகவலுக்கு.

கீபோர்டு கிறுக்கன்:
லிங்க் இன்னும் வரலை தலைவரே.

பழைய ஃபேடர்:
இரவுமிக்ஸ் எப்பவும் இப்படித்தான். 96 கிலோஹெர்ட்ஸ் திரி ஞாபகம் இருக்கா? சாம்பிள் ரேட்டை 96ல வெச்சா தாமதம் பாதியாகும்னு சொன்னேன். 128 பஃபருக்கு 1.3 மில்லி வினாடி, கணக்கு போட்டே காட்டினேன். அப்பவும் ஒத்துக்கல. நடுவுல காணாம போயிட்டார்.

இரவுமிக்ஸ்:
காணாமல் போகவில்லை, நீங்கள் மாடரேட்டரைக் கூப்பிட்டுத் திரியைப் பூட்ட வைத்தீர்கள். நான் சொன்னது: தாமதம் பாதியாகும், ஆனால் ஒவ்வொரு வினாடிக்கும் இரண்டு மடங்கு சாம்பிளைக் கணக்குப் போட வேண்டும், ஸ்லோவான மெஷினில் அதை 44,100இல் 64 பஃபர் வைத்தே வாங்கிக்கொள்ளலாம் என்று. 64 என்றால் 1.45. வித்தியாசம் 0.1 சொச்சம். அதற்காக சிபியுவை இரட்டிப்பாக வேலை வாங்கச் சொன்னது யார்?

பழைய ஃபேடர்:
1.45 பெருசா 1.3 பெருசா? அதைச் சொல்லுங்க முதல்ல.