மறு: பூட்டு மீட்பில் வருவது ‘பந்தய நிலை’யா?

அனைவருக்கும் வணக்கம். நாம் மொழிபெயர்க்கும் கணினி அத்தியாயத்தில் வரும் ரேஸ் கண்டிஷன் (race condition: செயல்கள் எந்த வரிசையில் நடக்கும் என்பது உறுதியில்லாததால் வரும் பிழை) என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடுவது பற்றி.

> ரேஸ் கண்டிஷனுக்குப் ‘பந்தய நிலை’ என்றே வைக்கலாமே, பார்த்ததும் புரிகிறது.

ஆங்கிலச் சொல் ஏற்கெனவே தெரிந்தவருக்குப் புரிகிறது, ஐயா. தெரியாதவர் யார் ஓடுகிறார், எதற்காக ஓடுகிறார் என்றுதான் கேட்பார். நாம் மொழிபெயர்க்கும் அத்தியாயத்திலேயே இதைப் பொருத்திப் பார்ப்போம்.

லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் கருவில்) 2006 முதல் இருக்கும் பகிர்ந்த பூட்டு மேலாளரை (DLM) எடுத்துக்கொள்கிறேன். ஒரே வளத்தை ஒரே நேரத்தில் பல கணினிகள் மாற்றிவிடாமல் பூட்டுக் கொடுத்துக் காப்பது இதன் வேலை. ஜிஎஃப்எஸ்2 கோப்பு முறைமை இதை நம்பித்தான் ஒரே வட்டைப் பல கணுக்களுக்கு (கூட்டாக இயங்கும் கணினிகளுக்கு) திறந்துவிடுகிறது. பூட்டப்படும் ஒவ்வொரு வளத்துக்கும் ஏதோ ஒரு கணு தலைமை, அதன் பூட்டுகளைக் கொடுப்பது அதுதான். ஒரு கணு செத்துவிட்டால் மிஞ்சியவை பூட்டுக் கோரிக்கைகளை நிறுத்திவைத்துவிட்டு, உறுப்பினர் பட்டியலைத் திருத்தி, செத்த கணுவிடம் இருந்த வளங்களுக்குப் புதுத் தலைமை கண்டு, பூட்டுகளை அங்கே மறுபடி கட்ட வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், எல்லாக் கணுக்களும் ஒரே நொடியில் நிற்பதும் இல்லை, ஒரே நொடியில் கிளம்புவதும் இல்லை. மீட்பை முடித்த கணு வழக்கமான கோரிக்கையை அனுப்பிவிடும். வாங்குகிற கணு இன்னும் மீட்பில் இருக்கும். அதை அப்படியே செயல்படுத்தினால், பாதி கட்டிய பூட்டுப் பட்டியலைப் பார்த்துப் பூட்டைக் கொடுத்துவிடும். அதனால் அத்தகைய செய்திகளைத் தனி வரிசையில் போட்டுவைத்து, மீட்பு முடிந்த பிறகே எடுக்கிறார்கள். செத்த கணுவிடமிருந்து வந்து தேங்கியவற்றைக் களைந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் எல்லாரும் வந்து சேரும்வரை காத்திருப்பு உண்டு: மிகக் குறைந்த எண்ணுள்ள கணு மற்றவர்களிடம் ‘முடிந்ததா?’ என்று கேட்டு உறுதிசெய்யும், மற்றவை அதன் சொல்லுக்குக் காத்திருக்கும். நடுவில் இன்னொரு கணு செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அப்போது மீட்பின் வரிசை எண் மாறிவிடும். பழைய எண்ணுக்கு வரும் பதிலைக் கண்டுகொள்ள மாட்டார்கள்.

இதில் யாரும் யாரையும் முந்தப் பார்க்கவில்லை. பழைய செய்தி பிந்தி வருகிறது, புதிய செய்தி முந்தி வருகிறது, அவ்வளவுதான். எனவே என் முன்மொழிவு: ‘முன்பின் பிழை’. எது முன், எது பின் என்பது உறுதியில்லாததால் வரும் பிழை. ‘மீட்பின்போது முன்பின் பிழை வராமல் தடுத்தல்’ என்று தலைப்பு எழுதினால் வாக்கியமும் உட்காருகிறது. ஒரே கணினிக்குள் இரண்டு இழைகள் (ஒரே நிரலில் இணையாக ஓடும் பகுதிகள்) ஒரு மாறியைத் தொடும் சாதாரண நிகழ்வுக்கும் இது பொருந்தும்.

> ‘முந்தல்’ என்று ஒரே சொல்லாக வைத்தால் சுருக்கமாக இருக்குமே?

சுருக்கம்தான். ஆனால் முந்துவது தப்பு, பிந்துவது சரி என்ற தொனி வந்துவிடுகிறது. மேலே சொன்னதில் பாதி பிந்தி வந்த செய்தியால் வரும் தொல்லை.

அப்புறம், ஃபென்சிங் (fencing), அதாவது செத்ததாகக் கருதும் கணு பகிர்ந்த வட்டில் எழுதிவிடாமல் தடுப்பது. ‘வேலியிடல்’ எனக்கு ஒப்பவில்லை. நம் ஊரில் வேலி போடுவது பெரும்பாலும் பயிரைக் காக்க. வேலி என்றதும் மாட்டை அடைப்பது அவ்வளவாக நினைவுக்கு வராது. இங்கே வேலி கணுவுக்கா, வட்டுக்கா? மின்சாரத்தை வெட்டிக் கணுவையே அணைப்பதும் ஃபென்சிங்தான், அந்தக் கணு எழுத வந்தால் வட்டு மறுப்பதும் ஃபென்சிங்தான். இரண்டாவதற்கு வேலி சரி, முதலாவதற்குச் சரியில்லை. இரண்டுக்கும் பொதுவாகத் துண்டிப்பு போதும் என்று நினைக்கிறேன். மீட்பு தொடங்கும் முன் இது முடிந்திருக்க வேண்டும் என்பதால் அத்தியாயத்தின் முதல் பக்கத்திலேயே இந்தச் சொல் தேவைப்படுகிறது. வலையமைப்புத் துண்டிப்போடு குழம்பும் என்று ஆட்சேபம் வரும், தெரியும். அதற்கு ‘இணைப்பு அறுதல்’ என்று தனியாக வைத்துவிட்டால்? வலையமைப்பில் வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்.