கியர்பாக்ஸை இறக்கும் முன் ஆயில் கசிவை உறுதிப்படுத்துவது எப்படி?

கேள்வி:
வணக்கம். என்னுடைய பழைய பெட்ரோல் கார் நிற்கும் இடத்தில் காலையில் சில சொட்டு ஆயில் கிடக்கிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் ஈரம் இருப்பதைக் காட்டி, கிராங்க்கின் (எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டு) பின்பக்க ஆயில் சீல், அதாவது ஆயில் வெளியேறாமல் தடுக்கும் வளையம், போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். சீலின் விலை சொற்பம், கூலிதான் பெரிது. கழற்றாமலேயே உறுதிப்படுத்த வழி உண்டா?

மறுமொழி 1:
சொட்டும் இடத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், நண்பரே. மேலே எங்கே கசிந்தாலும் ஆயில் எஞ்சினின் உடம்போடு வழிந்து, ஓட்டத்தில் காற்றால் பின்னுக்குத் தள்ளப்பட்டு, கடைசியில் தாழ்வான ஒரு மூட்டில்தான் வந்து சேரும். ஆகவே ஈரம் தொடங்கும் மிக உயரமான இடத்தைத் தேடுங்கள். எஞ்சின் நன்றாக ஆறிய பின், எஞ்சினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் அடியில் இருக்கும் பேக்கிங்கின் கண்ணுக்கு எட்டாத பின்மூலையை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே பிசுபிசுத்தால் முதல் சந்தேகம் அந்தப் பேக்கிங்தான். ஆயில் அழுத்தத்தை உணரும் ஆயில் பிரஷர் சுவிட்சின் வயர் சாக்கெட்டையும் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஆயில் நின்றால் சுவிட்சே கசிகிறது. ஆயில் ஃபில்டர் மாற்றிய பிறகு தொடங்கிய கசிவு என்றால், பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருக்க அதன்மேல் புதியதை முறுக்கிவிட்டார்களா என்பதையும் பார்க்க வேண்டும்.

மறுமொழி 2:
இதற்கெல்லாம் முன்பு எஞ்சினைக் கழுவித் துடைத்தாக வேண்டும், ஏனெனில் பழைய அழுக்கின்மேல் புதுக் கசிவு தெரியாது. ஆல்டர்னேட்டரையும் சென்சார் சாக்கெட்டுகளையும் பாலிதீனால் மூடிக்கொண்டு, எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் டிகிரீசர் தடவித் துடையுங்கள். சூடான எஞ்சினில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பிறகு ஆயிலில் கலக்கும் ஒளிர்சாயத்தைச் சேர்த்து ஓட்டிவிட்டு, இருட்டில் புறஊதா டார்ச் அடித்தால், கசிந்த தடம் மஞ்சள் பச்சையாக ஒளிர்ந்து புறப்பட்ட இடத்தைக் காட்டிவிடும். சாயம் கிடைக்காவிட்டால், துடைத்து உலர்ந்த பாகத்தில் முகப்பவுடரைத் தூவிச் சற்று ஓட்டிப் பாருங்கள். ஈரம் ஊறும் கோடு பளிச்சென்று தெரியும்.

மறுமொழி 3:
அந்த இடத்தில் சொட்டுவது கியர் ஆயிலாகவும் இருக்கலாம் என்பதை யாரும் சொல்லவில்லையே. தரையில் வெள்ளை அட்டையைப் போட்டு, விழுந்த சொட்டை முகர்ந்து பாருங்கள். கந்தக நெடி அடித்தால் கியர்பாக்ஸ் பக்கத்துச் சீலைத்தான் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் ஆயில்தான் என்று உறுதியானால், சீலை மாற்றும் முன் எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வைச் சோதிக்கச் சொல்லுங்கள். அது அடைத்துக்கொண்டால் கிராங்க் சுழலும் கூடான கிராங்க்கேஸுக்குள் அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தாண்டி ஆயிலை வெளியே தள்ளும். வால்வைக் கவனிக்காமல் போடும் புதுச் சீலும் நாளடைவில் கசியத் தொடங்கும்.