பழைய 200டி: பம்புக்கு டீசல் அளவ யார் சொல்றது?

வண்ணை_டீசல்:
அண்ணனுங்களா, எங்க பெரியப்பாவோட 1974 மெர்சிடிஸ் 200டி பழைய வண்ணாரப்பேட்டைல வூட்டாண்ட நிக்குது. ஸ்டார்ட் ஆவுது, ஆனா ஐட்லிங் ஒரு எடத்துல நிக்காம ஏறி ஏறி எறங்குது, கரும்புகை வேற. காட்டுன எடத்துல, சிலிண்டருக்கு டீசல் அடிக்கற பம்பு மொத்தமா போச்சு, மாத்துன்றாங்க. கம்ப்யூட்டர் இல்ல சென்சார் இல்ல, அப்ப எவ்ளோ டீசல் அடிக்கணும்னு அதுக்கு எப்டி தெரியுது?

காசிமேடு_போட்டு:
தம்பி அவசரப்பட்டு பம்ப மாத்தாத. நாலு சிலிண்டருக்கு பம்புக்குள்ள நாலு எலிமென்ட், ஒவ்வொண்ணும் பேரல்னு ஒரு குழாயும் அதுக்குள்ள ஏறி எறங்கற பிளஞ்சர்னு ஒரு தண்டும். இன்ஜின் ரெண்டு சுத்து சுத்துனா பம்பு ஒரு சுத்து. கீழ முட்டு வச்சு சுத்தற கேம் பிளஞ்சர எப்பவும் ஒரே ஒசரத்துக்குத்தான் தூக்கும், அது மாறவே மாறாது. சூட்சுமம் பிளஞ்சர் மேல சாய்வா வெட்டிருக்கற காடியில இருக்கு. அந்தக் காடி பேரல்ல இருக்கற ஓட்டைக்கு நேரா வந்த நிமிஷம் டீசல் திரும்பி ஓடிரும், பிரஷர் எறங்கிரும், சிலிண்டர்ல டீசல் தெளிக்கற நாசில் மூடிக்கும். பிளஞ்சரோட சேர்ந்த ரேக்குன்ற கம்பி நவுந்தா பிளஞ்சர் திரும்பும், காடி சீக்கிரமாவோ லேட்டாவோ ஓட்டைய பாக்கும், அதான் அளவு. எலிமென்ட கழட்டுனா பிளஞ்சரையும் பேரலையும் ஜோடி மாத்திராத, ஒண்ணோட ஒண்ணு இழைச்சது, இன்னொண்ணுல சேராது. போட்டு இன்ஜின்லயும் இதே கததான், எத்தினி பிரிச்சிருக்கேன்.

தண்டையார்பேட்டை_ஸ்பேனர்:
அண்ணன் சொன்னது கரெக்ட்டு. ஆனா அந்த ரேக்க நவுத்தறது யாரு? இந்த மாடல்ல வேக்கம் கவர்னர், அதாவது இன்ஜின் காத்த உறிஞ்சற இழுப்ப வச்சு டீசல் அளவ கட்டுப்படுத்தற பாகம். பெடல விட்டா காத்து வழி மூடி வேக்கம் ஏறும், கவர்னருக்குள்ள இருக்கற டயாஃப்ரம்ன்ற மெல்லிசு சவ்வு ரேக்க பின்னால இழுக்கும், டீசல் கொறையும். பெடல அமுக்குனா வேக்கம் எறங்கும், ஸ்பிரிங் ரேக்க முன்னால தள்ளும். டயாஃப்ரம் கிழிஞ்சா இழுக்க ஆளில்ல, ஸ்பிரிங்கு தள்ளிட்டே இருக்கும், நீ சொல்ற அதே புகை, அதே ஆட்டம். இன்ஜின் ஆஃப்ல பம்பு மேல இருக்கற ஸ்டாப் லீவர அமுக்கி புடி, கவர்னர்லேர்ந்து வேக்கம் ஓஸ் கழட்டி கவர்னர் பக்கத்து ஓட்டைய வெரலால அடைச்சுட்டு லீவர விடு. லீவர் லேசா நவுந்து அங்கயே நின்னா நல்லாருக்கு. சட்டுனு திரும்பி வந்தா கிழிஞ்சிருக்கு. ஓஸையும் வளைச்சு பாரு, வெடிப்பு இருந்தாலும் இதே தொல்லதான்.

வண்ணை_டீசல்:
செஞ்சேண்ணா, சட்டுனு வந்துச்சு. மூடிய தொறந்தா டயாஃப்ரம் ஓரத்துல நகக்கீறல் மாதிரி கிழிசல், வெளிச்சத்துல புடிச்சாதான் தெரியுது. இதுக்குப் போயி முழு பம்பா மாத்த சொன்னாங்க, மனசே கேக்கல. புதுப்பேட்டைல கெடைக்குமா?

தண்டையார்பேட்டை_ஸ்பேனர்:
பழசையே கைல எடுத்துட்டு போ, அளவு வச்சு பாத்து வாங்கு. பம்பு லைன் எதையும் கழட்டலன்னா லைன்ல பூந்த காத்த வெளிய எடுக்கற வேலயும் இல்ல.