நாணயத்தில் சாமி, உறுதிமொழியில் கடவுள்: பட்டிமன்றத்துக்குக் குறிப்பு வேணும்

பாளையங்கோட்டை வாசகன்:
அமெரிக்கா நோட்டுல ‘கடவுளை நம்புகிறோம்’னு போட்டிருக்கே, ஆரம்பத்துலேர்ந்தே உண்டா? நம்ம ஊர்ல எப்படி?

தாமிரபரணிக்காரர்:
ஆரம்பத்துல கிடையாது அண்ணாச்சி. 1864ல ரெண்டு சென்ட் நாணயத்துல முதல்ல வந்தது. 1955ல சட்டம் போட்டு, 1957லதான் நோட்டுக்கு ஏறுச்சு. அவங்க கொடி உறுதிமொழி 1892ல எழுதினது. அதுல கடவுளைச் சேர்த்தது 1954ல, சோவியத்தோட மல்லுக்கட்டின காலம். பட்டிமன்றத்துல பலரும் சறுக்குற இடம் இதுதான்: நோட்டுலயும் உறுதிமொழியிலயும் கடவுள் வந்தது ஒரே வருஷம்னு சொல்லிருவாங்க.

நாணயப்பெட்டி:
நம்ம பள்ளிக்கூட உறுதிமொழி ‘இந்தியா எனது நாடு’ல கடவுள் பேரே கிடையாது. அரசமைப்பு முகப்புரையைக் கடவுள் பேரால தொடங்கணும்னு அரசியல் நிர்ணய சபை உறுப்பினர் காமத் கொண்டுவந்த திருத்தம் 1949 அக்டோபர்ல ஆதரவு 41, எதிர்ப்பு 68னு தோத்துச்சு. ஆனா பதவிப்பிரமாணத்துல ரெண்டு வழி உண்டு: ‘கடவுள் பெயரால்’, இல்லேன்னா ‘உளமார உறுதி கூறுகிறேன்’. எதுன்னாலும் ஒரே மதிப்பு.

நாணயத்துல சாமி இல்லைன்னு மட்டும் சொல்லிராதீங்க. தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாண்டுக்கு 2010ல அஞ்சு ரூபாய் நாணயம் வந்தது. 2012ல வைஷ்ணோ தேவி உருவத்தோட அஞ்சும் பத்தும். பத்து ரூபாய் வைஷ்ணோ தேவியை ‘லட்சம் பெறும்’னு இணையத்துல கூவுறதை நம்பாதீங்க, டவுன் கடையில கொடுத்தா பத்து ரூபாய்க்குச் சரக்கு, அவ்வளவுதான்.

தாமிரபரணிக்காரர்:
நம்ம தேசியச் சின்னத்துல சிங்கத்துக்குக் கீழ இருக்குற ‘சத்யமேவ ஜயதே’யும் முண்டக உபநிடதத்துல உள்ளதுதான். எதிரணி அதைக் கட்டாயம் எடுப்பாங்க, பதில் வச்சுக்கோங்க.