புதுப்பிப்பு: பழைய வீடுகளா, அடுக்குமாடிகளா?

பழைய வீடுகள் உள்ள தெருக்களை இடிக்காமல் காக்க வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தேன். "அப்படியானால் புதிதாக வருகிறவர்கள் எங்கே குடியிருப்பது?" என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

நியூயார்க்கில் 1963-இல் பென் ஸ்டேஷன் என்ற பழைய ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கியதும் மக்கள் கொதித்தார்கள். 1965-இல் பழைய கட்டடங்களைக் காக்கும் சட்டம் வந்தது. அங்கே இன்னொரு வழியும் உண்டு. காக்கப்படும் கட்டடத்தின் மேல் கட்டாமல் விட்ட மாடிகளுக்கான உரிமையை அருகிலுள்ள மனைக்கு விற்கலாம். உரிமையாளருக்கு நஷ்டம் குறைகிறது, வீடுகளும் கூடுகின்றன. அங்குள்ள கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேல் உயரமான கட்டடம் கட்ட நகரம் மறுத்ததை எதிர்த்த வழக்கில், 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றபோது இந்த உரிமையையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் 2016-இல் பெரும்பாலான குடியிருப்புப் பகுதிகளில் அடர்த்தியாகக் கட்ட அனுமதித்தது. அப்புறம் கட்டட அனுமதிகள் நன்றாகவே உயர்ந்தன. ஆனால் பழைமைக்காக விலக்கு பெற்ற பகுதிகளில் பல, நகர மையத்தை ஒட்டியே இருக்கின்றன. வேலையும் பேருந்தும் பக்கத்திலேயே கிடைக்கிற இடங்கள் அவை. அதுதான் உறுத்துகிறது.

சரி, என் நிலை இதுதான்: மொத்தத் தெருவுக்கும் பூட்டுப் போடாமல், ஒவ்வொரு கட்டடமாகப் பார்த்துக் காப்போம். பின்புறத்தில் கூடுதல் வீடு கட்டவும் விடுவோம்.