அவசர உதவி: சைட்டில் ஒட்ட வேண்டிய நோட்டீஸ் எது?

குன்னூர்_சூப்பர்வைசர்:
வணக்கம். தொழிலாளர் உரிமை நோட்டீஸ் ஒட்டவில்லை என்று, நாங்கள் கான்ட்ராக்ட் வேலை செய்யும் அரசு ஆபீஸில் எங்கள் பில்லை நிறுத்திவிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் ஒட்ட வேண்டும். இணையத்தில் அரசு கான்ட்ராக்டர்களுக்கான நோட்டீஸ் ஒன்று கிடைத்தது. 11-க்கு 17 அங்குலம். தமிழில் மாற்றி பிரின்ட் போடக் கொடுத்துவிட்டேன். இது போதுமா?

தேயிலைச்சாரல்:
எந்த ஆபீஸ்? மாநில அரசா, மத்திய அரசா? எத்தனை பேர், என்ன வேலை? இது தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

கணக்கர்_ஊட்டி:
பில் நின்றால் முதலில் பி.எஃப். செலானைப் பாருங்கள். நோட்டீஸ் என்பது சாக்கு. எனக்கு இரண்டு முறை அப்படித்தான் நடந்தது.

சட்டம்_படித்தவன்:
இதைப் பற்றி இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன். டெண்டர் எடுப்பதற்கு முன்பே படித்திருக்க வேண்டிய விஷயம்.

தேயிலைச்சாரல்:
அவர் டெண்டர் எடுத்தவர் இல்லை சார், சூப்பர்வைசர். பெயரிலேயே இருக்கிறது.

குன்னூர்_சூப்பர்வைசர்:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். மத்திய அரசு ஆபீஸ். 23 பேர். துப்புரவு, தோட்ட வேலை. அந்த நோட்டீஸில் 'நிர்வாக ஆணை 13496' என்று இருக்கிறது.

தேயிலைச்சாரல்:
தம்பி, பிரின்ட்டை உடனே நிறுத்துங்கள். அது அமெரிக்க நோட்டீஸ். 2009-ல் ஒபாமா கையெழுத்திட்ட ஆணை. அந்த நாட்டு மத்திய அரசின் கான்ட்ராக்டர்கள், சங்கம் சேரும் உரிமையைத் தொழிலாளர்களுக்குத் தெரிவிக்க ஒட்டுவது. அதன் அடிப்படை 1935-ம் வருடத்து அமெரிக்கச் சட்டம். நல்ல விஷயம்தான், ஆனால் இங்கே செல்லாது.

உங்களுக்கு வேண்டியது ஒப்பந்தத் தொழிலாளர் மத்திய விதிகள், 1971. அதில் 81-வது விதிப்படி நோட்டீஸில் இருக்க வேண்டியவை: கூலி விகிதம், வேலை நேரம், கூலிக் காலம் (எத்தனை நாளுக்கு ஒரு முறை கூலி என்பது), கூலி கொடுக்கும் தேதி, கொடுபடாத கூலியைக் கொடுக்கும் தேதி, தொழிலாளர் துறை ஆய்வாளரின் பெயர், முகவரி. ஆங்கிலம், இந்தி, அப்புறம் பெரும்பான்மை ஆட்களுக்குப் புரியும் உள்ளூர் மொழி. நகலை ஆய்வாளருக்கும் அனுப்ப வேண்டும். கூலி கொடுக்கும் இடம், நேரம் பற்றிய நோட்டீஸின் நகலை ஆபீஸில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பில்லுக்கு அந்தத் தாள்தான் கை கொடுக்கும்.

சட்டம்_படித்தவன்:
பழைய கதை. 21 நவம்பர் 2025-ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்துவதற்கான ஆள் வரம்பு 20-லிருந்து 50 ஆகிவிட்டது. 23 பேருக்கு எதுவும் ஒட்ட வேண்டாம்.

தேயிலைச்சாரல்:
வரம்பு மாறியது சரி சார், ஆனால் எதுவும் ஒட்ட வேண்டாம் என்பது தவறு. அந்தப் புதிய தொகுப்புகளில் ஒன்றான ஊதியத் தொகுப்பின் 50-வது பிரிவையும் படியுங்கள். கூலி விகிதம், கூலி தரும் தேதி, ஆய்வாளர் முகவரி எல்லாம் நோட்டீஸ் போர்டில் இருக்க வேண்டும். அதற்கு 50 பேர் என்ற கணக்கு கிடையாது.

கணக்கர்_ஊட்டி:
எங்கள் ஆட்களில் யாருக்கும் இந்தி தெரியாது. மூன்று மொழியில் எழுதி யாருக்குப் பயன்?

படுகர்_மகள்:
இப்போது எஸ்டேட்களில் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், பார்த்ததில்லையா? அவர்களுக்கும் கணக்கு தெரிய வேண்டாமா?

கணக்கர்_ஊட்டி:
நான் எங்கள் சைட்டைப் பற்றிச் சொன்னேன் அம்மா. மொழிச் சண்டைக்கு வரவில்லை.

படுகர்_மகள்:
நானும் சண்டைக்கு வரவில்லை அண்ணா. என் அம்மா பல வருடம் கான்ட்ராக்ட்டில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்தார். சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று யாரும் சொன்னதில்லை. ஒரு நாள் கூலி எவ்வளவு என்பதே பக்கத்து சைட் ஆள் சொல்லித்தான் தெரியும். கேட்டால் நாளை வராதே என்பார்கள் என்று பயம். சுவரில் எழுதி ஒட்டியிருந்தால் கையை நீட்டிக் காட்டியிருப்பார். சூப்பர்வைசர் அண்ணா, பில்லுக்காக மட்டும் ஒட்டாதீர்கள். அவர்கள் கையெழுத்துப் போடும் இடத்தில், கண் மட்டத்தில் ஒட்டுங்கள். தமிழ் எழுத்து பெரிதாக இருக்கட்டும். மழைக்காலத்தில் தாள் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும், லேமினேட் செய்துவிடுங்கள்.

தேயிலைச்சாரல்:
சரியாகச் சொன்னீர்கள். இன்னொன்று: மத்திய அரசு ஆபீஸ் என்பதால் மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலிதான் பொருந்தும், மாநில விகிதத்தை எழுதிவிடாதீர்கள். அகவிலைப்படி ஏப்ரல் 1, அக்டோபர் 1 என இரண்டு முறை மாறும். அப்போதெல்லாம் போர்டையும் மாற்ற வேண்டும்.

சட்டம்_படித்தவன்:
50-வது பிரிவைப் பார்த்தேன். நோட்டீஸ் வேண்டும்தான். ஒப்பந்தத் தொழிலாளர் வரம்பு 50 என்று நான் சொன்னதில் மாற்றமில்லை.

குன்னூர்_சூப்பர்வைசர்:
ஒட்டியாகிவிட்டது. மூன்று மொழியிலும். ஆபீஸில் ஒப்புகை கொடுத்தார்கள், பில் இன்னும் வரவில்லை. விகிதத்தைப் படித்துவிட்டு இரண்டு அக்காமார்கள் போன மாதக் கணக்கைக் கேட்டார்கள். முதலாளியிடம் பேசப் போகிறேன். எல்லோருக்கும் நன்றி.